மாதா படத்துக்குள் ஒரு வைகிங்

இன்று லண்டன் ஹரோவில் ரயில் ஏறினால், எதிர் இருக்கையில் எங்கள் தேவாலயத்து ஜெசிந்தா அக்கா. கையில் ஒரு தடித்த புத்தகம். மாதா படம் போட்ட பழைய கலண்டர் தாளில் அதற்கு உறை.

"செபப் புத்தகமோ அக்கா?"

அக்கா குரலைத் தாழ்த்தினார். "இல்லையடி, வைகிங் காதல் கதை. அந்தக் காலத்து நோர்வேக் கடற்கொள்ளைக்காரன். அட்டையில மேல்சட்டை இல்லாமல் நிக்கிறான். ஆரும் கண்டால் வெட்கமெல்லே."

கதையையும் சொன்னார். நாயகன் கையில் கோடரியோடு கப்பலில் வருகிறான், தேவாலயத்தைக் கொளுத்துகிறான், நாயகியைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறான்.

"பிறகு?"

"பிறகென்ன, அவளுக்கும் விருப்பம் வந்திட்டுது. நல்ல மனசுள்ளவன், பாவம். நீ நோர்வேயில இருந்தனீதானே, அங்கத்தே ஆம்பிளையள் இப்பிடியோ?"

"நான் கண்டதுகள் பாணும் சீஸும் திண்டிட்டு, பிள்ளையை வண்டியில வச்சுத் தள்ளிக்கொண்டு திரிஞ்சதுகள்."

அக்காவுக்குப் பெரிய ஏமாற்றம்.

அப்போதுதான் நினைவு வந்து கேட்டேன். "உங்கட மகளைக் கேட்டு வந்த நோர்வேப் பெடியன்ர விஷயம் என்ன மாதிரி?"

முகம் இறுகிவிட்டது. "அது சரிவராது. ஆர், எவர், என்ன குடும்பம் எண்டு ஒண்டும் தெரியாது."

வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கையில் கேக்கோடு உள்ளே வந்து, தாய் தகப்பனிடம் சம்மதம் கேட்டவன் அவன். அங்கேதான் பிழை விட்டான். மேல்சட்டையையும் கழற்றிவிட்டு, வரும் வழியில் எங்கள் தேவாலயத்துக்கும் நெருப்பு வைத்திருந்தால், இந்நேரம் கலியாணத்துக்கு நாள் குறித்திருப்பார்கள்.

லண்டனில் நல்ல கோடரி எங்கே வாங்கலாம் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். பெடியனுக்கு அனுப்பிவிடுகிறேன்.