அருமனைப் பஸ்ஸில் அம்மாவின் சாட்சி

காலை ஏழேகாலுக்கு அம்மாண்டிவிளையில் பஸ் ஏறினேன். எங்கள் ஊர் முக்கில் அம்மாவுக்குக் கட்டிய கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸ் மழையில் ஒரு ஓரம் கிழிந்து தொங்குகிறது. அவிழ்க்க மனசு வரவில்லை. அம்மா போய் இரண்டு மாதம் ஆகிறது.

அருமனையில் ஒருவர் புண் ஆற்றும் எண்ணெய் விற்கிறார். அம்மா அதைப் பற்றிப் பேசிய வீடியோவை இப்போதும் ஓட்டுகிறார். அதை எடுத்துவிடச் சொல்லத்தான் போனேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை. காலில் புண். போன வருஷம் சபைக் கன்வென்ஷன் பந்தலுக்கு வெளியே அந்த எண்ணெய்க்காரர் கடை போட்டிருந்தார். அம்மா எண்ணெய் வாங்கித் தேய்த்தாள். கூட்டம் முடிகிற அன்றைக்கு அவர் போனை நீட்டி, "ஒரு சாட்சி சொல்லும் அம்மா" என்றார். எங்கள் சபையில் ஜெபத்தில் கேட்டது கிடைக்கிறதுக்கு முன்னாலேயே கிடைத்துவிட்டது என்றுதான் சாட்சி சொல்வார்கள். அப்படிச் சொன்னால்தான் விசுவாசம். அம்மாவும் சிரித்துக்கொண்டு, "எனக்க கால் புண் ஆறிட்டு, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்றாள். சொல்லும்போது கட்டுக்குள் சீழ் இருந்தது. அன்றைக்கே மாத்திரையையும் நிறுத்தினாள். சாட்சி சொல்லிவிட்டு மாத்திரை சாப்பிட்டால் என்ன விசுவாசம்? முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு காலை. பிறகு அம்மாவே இல்லை.

திங்கள்சந்தையில் ஒரு பஸ், மார்த்தாண்டத்தில் ஒரு பஸ் மாறினேன். சாதா பஸ் என்பதால் பெண்களுக்குக் காசு கிடையாது. மார்த்தாண்டத்தில் இருந்து அருமனை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் இருக்கும். மேம்பாலம் தாண்டியதும் கடைகள் குறைந்து, இரண்டு பக்கமும் ரப்பர் மரம். காலை ஒன்பதரை மணிக்கே சாயங்காலம் மாதிரி இருட்டு. வீட்டு முற்றங்களில் துணி காயப்போட்ட கயிற்றிலேயே ரப்பர் ஷீட்டும் தொங்கியது. அந்த நாற்றம் பஸ்ஸுக்குள்ளேயும் வந்தது.

பக்கத்தில் நாற்பது வயசு இருக்கும் ஒரு அக்கா. "எங்க பிள்ள எறங்குக?" என்று கேட்டாள்.

"அருமனை."

"நானும் அங்கதான். எனக்க வீட்டுக்காரருக்க காலு ஒரு மாசமா ஆறல்ல கேட்டியா. ஆசுபத்திரிக்குக் கூப்பிட்டா ஊசிக்குப் பேடிச்சி கட்டிலுக்கு அடியில ஒளியுத ஆளு. அங்க ஒரு எண்ணெ உண்டு. நீயே பாரு மக்கா."

போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். அம்மா. அதே பச்சைச் சேலை. "ஆறிட்டு" என்றாள். அந்த அக்கா அதைத் திரும்பவும் ஓட்டினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இந்த மொகத்தப் பாத்தியா? பொய் சொல்லுத மொகமா இது?"

அருமனையில் அவள் பின்னாலேயே இறங்கினேன்.

எண்ணெய்க்காரர் வீடு அருமனை ஜங்ஷனில் இருந்து நடக்கிற தூரம்தான். கேட்டிலேயே ஒரு போர்டில் அம்மாவின் படம், என்னைவிட உயரமாக. எங்கள் ஊர் ஃபிளக்ஸில் அம்மா சிரிக்கவில்லை, இதில் பல் தெரியச் சிரிக்கிறாள். அந்த அக்கா பாட்டில் வாங்கிக்கொண்டு ஜங்ஷனுக்குத் திரும்பினாள். அவள் போனபிறகு நான் யார் என்று அவரிடம் சொன்னேன். அவர் எழுந்து நின்றார். கட்டன் சாயா போடச் சொன்னார்.

"வீடியோவ எடுத்துருங்க அண்ணா. போர்டையும்."

"எடுக்கலாம் மோளே. ஒரு விரல் அமுக்கினா போதும். பொறவு ஆளுக எதுக்கு எடுத்தீருன்னு கேப்பாங்களே, என்ன சொல்லட்டு? அந்தம்ம பொய்ச்சாட்சி சொல்லிட்டுன்னு சொல்லவா?"

"எனக்க அம்ம பொய் சொல்லல்ல."

"அதத்தான் நானும் சொல்லுகேன். பொறவு எதுக்கு எடுக்கணும்?"

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கடைசிவரை மெதுவாகத்தான் பேசினார். சாயாவைக் குடிக்காமல் வெளியே வந்தேன். எட்டாம் கிளாஸோடு முந்திரி ஆபீஸுக்குக் கொட்டை உடைக்கப் போனவள் நான். படித்தவர்களுக்கு ஒரு பதில் தெரிந்திருக்குமோ என்னவோ.

பதினொன்றரைக்குத் திரும்பும் பஸ். அந்த அக்கா அதில் இருந்தாள். "வா பிள்ள" என்று இடம் போட்டாள். மடியில் பாட்டில்.

"அக்கா, அதத் தேய்க்காண்டாம். அந்த வீடியோல உள்ளது எனக்க அம்ம. அந்தப் புண்ணுலதான் செத்துப்போச்சு."

என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். என் முகத்தில் அம்மாவின் சாடை தெரிந்துவிட்டது.

"பொறவு ஆறிட்டுன்னு சொன்னாளே?"

அம்மா விசுவாசத்தில் சொன்னாள் என்று விளக்கலாம். விளக்கினால் இவளும் அதே விசுவாசத்தோடு தேய்ப்பாள். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"பொய்யாக்கும்" என்றேன்.

"துட்டு குடுத்தாரா?"

"குடுத்தாரு." ஒரு பாட்டில்கூட அம்மாவுக்கு அவர் சும்மா தரவில்லை.

"சீ! ஆண்டவருக்க பேரச் சொல்லி... அதாக்கும் அப்பிடிச் செத்துப்போனா." பாட்டிலை என் மடியில் போட்டாள். "இந்தா, நீயே வச்சுக்க. ஒனக்க அம்மைக்க சம்பாத்தியம்."

 மார்த்தாண்டத்தில் இறங்கும்போது திரும்பி, "கட்டிலுக்கு அடியில போனாலும் இண்ணைக்கு இழுத்துட்டு ஆசுபத்திரிக்குப் போவேன்" என்றாள். பிறகு அம்மாவைத் திட்டிக்கொண்டே படி இறங்கினாள்.

எங்கள் ஊரில் யாராவது அம்மாவை அப்படி ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன். இங்கே சும்மா இருந்தேன். வீடு போய்ச் சேரும்வரை திட்டட்டும், புருஷனிடம் சொல்லித் திட்டட்டும், பக்கத்து வீட்டிலும் போய்த் திட்டட்டும் என்று இருந்தது.