புச்கிக்கு ரேணுதி சமைத்த ஆறு வருடம்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக என் பூனை புச்கியின் கழுத்து முடியை விலக்கிப் பார்த்தேன். சிவப்பு இல்லை, புண் இல்லை. ஆறு வருடமாக இப்படித்தான் விடிகிறது.

அப்போதுதான் போன். ரேணுதியின் மகள். "மாஷி, மா போயிட்டா. நேத்து மத்தியானம் படுத்தவ எழுந்திருக்கவே இல்ல..."

ரேணுதி ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேஜை. ரேணு அக்கா என்பதைக் கல்கத்தாவில் இப்படிச் சொல்வோம்; அவர் மகளுக்கு நான் மாஷி, அதாவது சித்தி. பதினேழு வருடம் அருகருகே உட்கார்ந்திருந்தோம். இரண்டு வருடம் முன்பு ரிடையர் ஆனார்.

புச்கிக்கு வந்த முதல் வருடமே அரிப்பு. சொறிந்து சொறிந்து கழுத்தில் ரத்தம். தெள்ளுப்பூச்சிக்கு மாதாமாதம் சொட்டு மருந்து விட்டும் நிற்கவில்லை. ஊசி போட்டால் பத்து நாள் அடங்கும். மறுபடி ஆரம்பிக்கும்.

"ஊசியையே நம்பினால் சர்க்கரை வியாதியில் கொண்டுபோய் விடும்" என்றார் டாக்டர். சாப்பாட்டில் ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்றார். எட்டு வாரம், அது இதுவரை தின்றே இராத ஒரே ஒரு மாமிசம். வெறும் தண்ணீரில் வேகவைத்த ஆட்டுக்கறி, மேலே அவர் கொடுத்த சத்துப்பொடி. வேறு எது ஒரு வாய் உள்ளே போனாலும் முதலிலிருந்து எண்ண வேண்டும்.

நான்கு தலைமுறையாகக் கல்கத்தாவில் இருக்கிறோம். எங்கள் வீட்டுக்குள் முட்டை கூட வந்ததில்லை.

"கறியெல்லாம் இந்த ஆத்துல வேகாது" என்றாள் அம்மா. "மீன் மார்க்கெட்ல கொண்டு விட்டுடு. அது பாட்டுக்குப் பொழைச்சுக்கும்."

கழுத்துப் புண்ணோடு மார்க்கெட் பூனைகளுக்கு நடுவில் அது எத்தனை நாள் இருக்கும் என்று இருவருக்குமே தெரியும்.

மறுநாள் ரேணுதியிடம் சொன்னேன். நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை. "ஒரு பூனைக்குக் கறி வேகவைக்க எனக்குத் தெரியாதா? போய் டீ சொல்லு."

ஞாயிறன்று சமைத்து, திங்கள் காலை ஏழு டப்பாவாக ஆபீஸ் ஃப்ரிட்ஜில் கொண்டுவந்து வைப்பார். தினமும் ஒன்றை எடுத்துப் போவேன். பால்கனியில் நியூஸ்பேப்பர் விரித்துப் போட மட்டும் அம்மா ஒத்துக்கொண்டாள். ஏகாதசி அன்று அதுவும் கூடாது, வெளியே மாடிப்படியில்தான்.

ஒருமுறை பக்கத்து செக்‌ஷன் ஆள் ஒரு டப்பாவைத் தின்றுவிட்டார். "ரேணுதி, கை மறந்துபோச்சா? உப்பும் இல்ல, மஞ்சளும் இல்ல."

"அது உன்னைவிட நாகரிகமான ஒருத்திக்கு வச்சது. மேல தூவியிருந்த பொடி ரோமம் வளர. ரெண்டு நாள்ல முதுகைப் பார்த்துக்கோ."

அவர் ஒரு வாரம் எங்கள் பக்கமே வரவில்லை.

ஆனால் அரிப்பு முழுதாக நிற்கவில்லை. நன்றாக ஆறிக்கொண்டே வரும், திடீரென்று காதைப் பிய்த்துக்கொள்ளும். நான் சோர்ந்துபோய்ப் புலம்பும் நாளில் எல்லாம் ரேணுதி மேஜைக் காலண்டரில் சின்னதாக ஒரு வட்டம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குத் தெரியாது.

மூன்றாவது வட்டமும் ஏகாதசியை ஒட்டியே விழுந்த அன்று கேட்டார்: "உன் அம்மா ஏகாதசி இருக்கிறாங்களா?"

"இருப்பா. அரிசி தொட மாட்டா."

"வேற என்ன சாப்பிடுவாங்க?"

"ஒண்ணும் சாப்பிட மாட்டா, ரேணுதி."

"என் மாவும் அப்படித்தான் சொல்வா. ஒண்ணும் சாப்பிடலைம்பா. பால் கணக்குலயே வராது. போய்க் கேளு."

அன்று மாலை கேட்டேன். "அம்மா, ஏகாதசி அன்னிக்குப் புச்கிக்கு ஏதாவது குடுத்தியா?"

"ஆகாரம் ஒண்ணும் குடுக்கலியே. நான் குடிக்கற பால்ல ஒரு வாய். நீ வர வரைக்கும் அதுவும் காஞ்சுண்டிருக்கு, பாவம்."

முன்பு நான் கேட்டபோதெல்லாம் "ஒண்ணும் குடுக்கலை" என்று அம்மா சொன்னது பொய் இல்லை. பட்டினி கிடந்தவள், தன் ஒரே டம்ளரில் அதற்கும் பங்கு கொடுத்திருக்கிறாள். அவளோடு சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லை.

பால் நின்றது. மறுபடி எட்டு வாரம். கழுத்தில் முடி வளர்ந்தது.

குணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. இது போகாது, சமாளிக்கலாம், அவ்வளவுதான் என்று டாக்டர் அன்றே சொல்லிவிட்டார். அதனால் ரேணுதியும் நிறுத்தவில்லை. ரிடையர் ஆன பிறகு ஞாயிறுதோறும் பெஹாலாவில் அவர் வீட்டுக்குப் போய் நான் வாங்கி வருவேன்.

போன ஞாயிறு அவருக்கு மூச்சு வாங்கியது. ஏன் என்றேன். "படி ஏறி வந்தேன்" என்றார். நான் டப்பாக்களை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் வீட்டில் படியே கிடையாது... தரைத்தளம். பஸ்ஸில்தான் உறைத்தது. நான் இறங்கித் திரும்பிப் போகவில்லை.

ரேணுதி, நிம்மதியாகத் தூங்குங்கள். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களுக்கு வேலை இல்லை.

ஆபீஸ் ஃப்ரிட்ஜில் இன்னும் மூன்று டப்பா இருக்கிறது. சனிக்கிழமை வரை வரும்.

ஞாயிறு காலை நானே கறிக்கடைக்குப் போகப் போகிறேன். பால்கனியில் இல்லை, எங்கள் சமையலறையில், எங்கள் அடுப்பில்தான் வேகவைப்பேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.