வராமல் போன கடைசி இரண்டு வாரம்

அக்டோபர் 26, ஞாயிறு, மாலை 6.45, விடாத மழை. பாளையங்கோட்டைத் திரையரங்கில் வரிசையின் நடுவே எழ வழியின்றி மாட்டியிருந்தேன். வார இதழில் நானும் மனைவியும் படித்த காதல் தொடர் படமாகியிருந்தது. கதையிலிருந்து மாறிய பதினோராவது இடத்தை அவளிடம் சொன்னதும் முன்னிருக்கைக்காரர் திரும்பினார்.

"அண்ணாச்சி, டிக்கெட்டு காச உங்ககிட்டயே குடுத்திருக்கலாம் போலுக்கே!"

"எழுந்திரி, போவோம்" என்றேன் அவளிடம்.

"தொடர் முடிய ரெண்டு வாரம் இருக்கையில, வீண்செலவுன்னு வாரப் புத்தகத்த நிறுத்திட்டீய. அவன் திரும்பி வந்தானான்னு முப்பத்தெட்டு வருசமா எனக்குத் தெரியாது. சும்மா இரிங்க."

படத்தில் அவன் வந்தான். பக்கத்தில் இவள் அழுதாள்.

வெளியே வந்ததும் கேட்டாள்: "எல்லாத்தையும் மாத்திட்டாவன்னீயளே, இதையும் மாத்தியிருப்பாவளோ?"

மறுநாள் வண்ணார்பேட்டையில், புத்தகமாக வந்திருந்த அந்த நாவலை வாங்கி, பிரிக்காமல் அவள் கையில் கொடுத்தேன். அன்று இரண்டு வார இதழை நிறுத்தி மிச்சம் பிடித்தது நான்கு ரூபாய். இன்று கொடுத்தது முந்நூற்றெண்பது.