ஆட்டுக்குச் சொன்ன சேதி

ஜெர்மனிக்கு வந்த புதிதில், ட்ராமில் ஒரு பெண்மணி தன் நாயைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி உட்காரேன்" என்றார். நான் வெடுக்கென்று எழுந்து இடம் விட்டேன். நாய் என்னைப் பார்த்தது, அந்தம்மா பார்த்தார், ட்ராமே பார்த்தது. இந்த ஊரில் நாய்க்குச் சொன்னால் அது நாய்க்குத்தானாம்.

என் மேல் என்ன தப்பு? மண்டபம் ஊரில் பிறந்து முதுகுளத்தூரில் வாழ்க்கைப்பட்டவள் நான். மாமியார் என்னிடம் நேராக எதையும் சொன்னதில்லை. எல்லாம் சாடைதான், ஆட்டுக்குச் சொல்வதுபோல. "ஏலே கெடா, ஒனக்கு மட்டும் விடியவே விடியாதா?" என்று கொட்டிலில் குரல் கேட்டால் நான் பாயைச் சுருட்டுவேன். "மொளகா காயுது, மேகம் கருக்குது, நீ என்னத்த மென்னுக்கிட்டு நிக்கிற?" என்றால் களத்துக்கு ஓடுவேன். எரிச்சலாக வரும். ஆனாலும் ஒருநாளும் சேதி தப்பியதில்லை.

இங்கே எனக்கென்று இருக்கும் ஒரே இடம் எங்கள் தெருவின் சீட்டாட்டக் குழு. அந்த ஆட்டத்தில் எதிரி கிடையாது. ஜெயித்தாலும் தோற்றாலும் எல்லாரும் சேர்ந்துதான். அவரவர் சீட்டை அடுத்தவர் பார்க்கும்படி திருப்பிப் பிடிக்க வேண்டும், நமக்குத் தெரியாது. ஒவ்வொரு நிறத்தையும் ஒன்று முதல் ஐந்து வரை வரிசையாக இறக்க வேண்டும். அடுத்தவர் சீட்டின் நிறத்தையோ எண்ணையோ மட்டும் அவருக்குக் குறிப்பாகச் சொல்லலாம். முதல் நாள் ஊர்ப் பழக்கத்தில் புருவத்தைத் தூக்கினேன். "இங்கே அது களவு" என்றார் குழுத்தலைவர் கிளாவுஸ். கூசிப்போனேன்.

நகரப் போட்டிக்குப் போகும் அணியில் ஓரிடம் மிச்சமிருந்தது. என் ஜெர்மனை நம்பி அதைத் தர அவருக்குத் தயக்கம். போன வாரம் ஒரு ஆட்டம் வைத்துச் சோதித்தார். இன்னொரு தப்புச் சீட்டு விழுந்தால் ஆட்டம் காலி. மேசையில் நீலம் மூன்று வரை இறங்கியிருந்தது. கிளாவுஸ் என்னைத் தாண்டி, எனக்கு அடுத்திருந்த உல்ரிக்கேயின் ஒரு சீட்டைக் காட்டி, "இது நீலம்" என்றார். அதுவோ ஐந்து. நான்கு வராமல் அதை இறக்கினால் கதை முடிந்தது. இது கிளாவுஸுக்குத் தெரியாதா? அவர் பேசியது உல்ரிக்கேயிடம், சேதி எனக்கு. நான்கு என் கையில்தான் இருக்கிறது. இப்படி வந்தால் கடைசியாக எடுத்த சீட்டை இறக்குவது எங்கள் குழு வழக்கம். கண்ணை மூடிக்கொண்டு இறக்கினேன். நீலம் நான்கு. அடுத்து உல்ரிக்கேயின் ஐந்தும் விழுந்தது.

"இதைப் பிடிக்க எனக்கே இரண்டு வருஷம் ஆனது. எப்படி?" என்றார் கிளாவுஸ்.

"என் மாமியார் ஆட்டோடு பேசுவார்."

அவர் முகம் வாடியது. "பாவம், தனியாக இருக்கிறாரா?"

இடம் எனக்குத்தான். போட்டி மட்டும் பொங்கல் வாரத்தில் வந்து தொலைந்தது. மறுநாள் வீடியோவில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். மாமியார் கேமராவை ஆட்டுப் பக்கம் திருப்பினார்.

"ஏலே கெடா, பொங்கப்பான எறக்க இந்த வருசம் இங்கன ஆளு இல்லையாம்ல."

நானும் ஆட்டைப் பார்த்தே சொன்னேன்: "ஏலே கெடா, போட்டி முடிஞ்ச கையோட வாரேன்னு ஒங்க ஆத்தாகிட்ட சொல்லு."

பிறகு ஒரு கை அகத்திக்கொத்தை நீட்டியது. "நல்லாத் தின்னு. போன எடத்துல ஜெயிச்சிட்டு வா."

கிடா தின்றது. ஐயாயிரம் மைலுக்கு இந்தப் பக்கம் எனக்கு வயிறு நிறைந்தது.