கமலவேணியின் வியாழக்கிழமை

வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டு மணி இன்னும் அடிக்கவில்லை. ஆயாக் கொட்டகை வாசலில் நின்று கமலவேணி ஒரு பிள்ளையை வாங்குகிறாள். வாங்கியதும் அதன் நெற்றியில் தன் கன்னத்தை ஒட்டவைத்து, கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் பத்து எண்ணுகிறாள். அதற்குப் பிறகுதான் தாய்க்கு விடை. “சரி, நீ போ. இது இன்னிக்கு நல்லாருக்கு.” அடுத்த பிள்ளை. மறுபடியும் கன்னம், மறுபடியும் பத்து.

ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் பெண்களுக்குக் காலில் நெருப்பு. ஒரு கையில் வாளி, இடுப்பில் கத்தி, நெற்றியில் விளக்கு. “சீக்கிரம்லா அக்கா, தண்டல் கத்துவாரு” என்று கங்காணிக்குப் பயந்து கெஞ்சுவார்கள்.

“கத்தட்டும். சூடு பாக்காம வாங்க மாட்டேன்” என்பாள். அவள் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

மலாயாவில், அலோர் காஜாவிலிருந்து ஆறு மைல் உள்ளே இருக்கிற தோட்டம் அது. கொட்டகையில் இருபத்திரண்டு பிள்ளைகள், பதினான்கு சேலைத் தொட்டில்கள். நாலு தொட்டில் கயிறுகளை ஒரே மூங்கிலில் கட்டி, மூங்கிலைக் காலால் தள்ளியபடி கையால் பால் கலக்குவாள். வயது முப்பத்தைந்து இருக்கும். எந்நேரமும் பிள்ளை சுமந்து இடது இடுப்பு ஒரு விரற்கடை ஏறிவிட்டது. பிள்ளை உடம்பில் கீறும் என்று வளையல் போடுவதில்லை. சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

பிள்ளைகளை அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தாய் பால் வெட்டும் மர நிரையின் எண்தான் பிள்ளைக்குப் பெயர். “ஒம்பதாம் நிரை குடிச்சாச்சு. பதினேழாம் நிரை இன்னும் தூங்குது.” ஏன் இப்படி என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். “இந்தத் தோட்டத்துல மூணு கோமளா இருக்கு. நிரை ஒண்ணுதான் ஆளுக்கு ஒண்ணு.”

கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு காட்டுக்குள் போக, அவசரகாலம் வந்து இது நாலாவது வருடம். ஆட்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி. ஒரு பிடி அரிசி வேலியைத் தாண்டினால் காட்டில் இருப்பவர்களுக்குப் போகிறது என்று கேள்வி வரும். பிள்ளைகளுக்கான மாவுப் பால் டின்னைக்கூட கேட்டில் நிற்கும் மலாய்க் காவலர் திறந்து பார்த்துத்தான் விடுவார். கமலவேணி தினமும் அவரிடம் மலாய்ச் சொல் கலந்து அதே வாக்கியத்தைச் சொல்வாள். “இது பேபி சூசுலா, என்சே. காட்டுக்காரன் குடிச்சா அவனுக்கு வயித்தால போகும்.” அவரும் தினமும் சிரிப்பார். டின்னைத் திறந்து பார்ப்பதை மட்டும் விடமாட்டார்.

ஊசி என்றால் அவள்தான் தோட்டத்துக்குத் தைரியம். இரண்டு வருடத்துக்கு முன் அம்மை குத்த ஆட்கள் வந்தபோது பாதித் தாய்மார் பிள்ளைகளோடு மரக்காட்டுக்குள் போய் ஒளிந்தார்கள். கமலவேணி பின்னாலேயே போய், ஒவ்வொருத்தி கையிலிருந்தும் பிள்ளையைப் பிடுங்காத குறையாக வாங்கி, இடுப்பில் ஒன்று தோளில் ஒன்றாகச் சுமந்துகொண்டு வந்தாள். “ஒனக்குப் பாக்க மனசு இல்லன்னா நீ அங்கியே நில்லு. நான் புடிச்சுக்கிறேன்.” அழுகிற பிள்ளையைப் பற்றி அவளுக்குக் கவலை கிடையாது. சத்தம் போடாமல் கிடக்கிற பிள்ளையைத்தான் திரும்பத் திரும்ப வந்து பார்ப்பாள்.

இப்படிப்பட்டவள் இந்த வருடம் ஒரு ஊசிக்கு முன்னால் தடுமாறி நின்றாள்.

காரணம், கடைசித் தொட்டிலில் கிடக்கும் சுசீலா. பன்னிரண்டு வருட இடைவெளிக்குப் பிறகு கமலவேணிக்குப் பிறந்த பிள்ளை. அப்போது நாலு மாதம். புகைக்கொட்டகையில் ரப்பர் சீட்டு தொங்கவிடும் அவள் கணவன் சாமிநாதன், வேலை விட்டதும் குளித்துவிட்டு நேரே கொட்டகைக்கு வந்துவிடுவான். எவ்வளவு தேய்த்தாலும் புகை வாடை போகாது. பிள்ளை அந்த வாடைக்கே தலையைத் திருப்பும்.

அந்த மாதம் பாச்சாங் பக்கம் கக்குவான் இருமல் என்று முதலில் பேச்சு வந்தது. பிறகு பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு பிள்ளைகள் இறந்தன. ஒரு திங்கட்கிழமை காலை, வேலாயியின் பிள்ளை, அந்தப் பதினேழாம் நிரை, கமலவேணி கையில் இருக்கும்போதே இரும ஆரம்பித்தது. நிற்காத இருமல். முடிவில் மூச்சை இழுக்கும்போது சேவல் கூவுகிற மாதிரி ஒரு சத்தம். அவள் பிள்ளையைக் கீழே விடவில்லை, வேறு பிள்ளைகளின் பக்கமும் போகவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

அங்கே மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் ஜார்ஜ் பிள்ளையைத் தனி அறையில் வைத்தார். இருபத்தெட்டு வயதுக்காரர். பேசுவதற்கு முன் கண்ணாடியைத் துடைக்கும் பழக்கம் உள்ளவர். அன்று மாலையே பெரட்டுக்களத்தில் அறிவித்தார். வியாழக்கிழமை அலோர் காஜாவிலிருந்து சுகாதார லாரி வருகிறது. கக்குவானுக்கு ஊசி. மூன்று தடவை போட வேண்டும்.

தாய்மார் டிரெஸ்ஸரைப் பார்க்கவில்லை. கமலவேணியைத்தான் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தலை குனிந்ததை எல்லோரும் கவனித்தார்கள்.

“வேணாம்லா” என்றான் சாமிநாதன், வீட்டில். “ஒண்ணு போனது போதும்.”

“அது எதனால போச்சுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது. அதான் வேணாங்கிறேன்.”

மறுநாள் மதியம் மரியசெல்வி வந்தாள். ஒன்பதாம் நிரைக்காரி, மனசில் இருப்பதை அப்படியே சொல்லிவிடுகிறவள். பிள்ளையை வாங்கிக்கொண்டு போகாமல் வாசலிலேயே நின்றாள்.

“அக்கா, சுசீலாவுக்குப் போடப் போறீங்களா இல்லியா?”

“இன்னும் யோசிக்கல.”

“எங்க மூத்தவனுக்கு அம்மை குத்தறப்ப யோசிக்கவே விடலியே நீங்க. என் கையிலேருந்து வாங்கிட்டுப் போனீங்க. ஒங்க புள்ளைன்னா மட்டும் யோசனையா?”

மரியசெல்வி கோபமாகக்கூடப் பேசவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டாள், அவ்வளவுதான். அது நியாயம் என்பதால்தான் தாங்க முடியவில்லை.

பிள்ளைகள் எல்லாம் வீடு போன பிறகு, சுசீலாவைக் கணவனிடம் கொடுத்துவிட்டு, கமலவேணி ஆஸ்பத்திரிக்குப் போனாள். தனி அறையின் ஜன்னல் வழியே பார்த்தாள். வேலாயி மடியில் பிள்ளை இருமிக்கொண்டிருந்தது. முகம் சிவந்து, பிறகு உதடு நீலம் பாரித்தது. இருமல் நின்றது. மூச்சு வரவில்லை. கமலவேணி தன்னையறியாமல் எண்ணினாள். ஏழு வரை எண்ணிய பிறகுதான் அந்தச் சேவல் சத்தம் வந்தது.

மருந்தறையில் ஜார்ஜ் கண்ணாடியைத் துடைத்தார். “உக்காருங்கக்கா.”

அவள் உட்காரவில்லை. இந்தத் தோட்டத்தில் யாரிடமும் சொல்லாத ஒன்றை நின்றுகொண்டே சொன்னாள். ஜாசின் பக்கத் தோட்டத்தில் இருந்தபோது அவளுக்கு ஒரு பெண் பிள்ளை. முத்தாயி. பதினோரு மாதம். அம்மை குத்திய நாலாம் நாள் போய்விட்டது. அப்போது லயத்தில் மலேரியாவும் இருந்தது.

“ஊசி போடற அன்னிக்குக் காய்ச்சல் இருந்துச்சா?” என்று கேட்டார் ஜார்ஜ்.

அவள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள். “காலையில தூக்குறப்ப ஒடம்பு கொஞ்சம் கதகதன்னு இருந்துச்சு. போர்த்தியிருந்ததுனால இருக்கும்னு நெனச்சேன். யாரும் கேக்கல. நானும் சொல்லல.”

“அப்ப எதனால போச்சுன்னு என்னால சொல்ல முடியாதுக்கா. ஊசிதான்னும் சொல்ல மாட்டேன், இல்லன்னும் சொல்ல மாட்டேன். நான் அங்க இல்ல. மலேரியாவா இருக்கலாம்னு தோணுது, அவ்வளவுதான்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “ஆனா இந்த ஊசியப் பத்தித் தெரியும். ரெண்டு நாள் காய்ச்சல் வரும். போட்ட எடம் வீங்கும். புள்ள ராத்திரி பகலா சிணுங்கும். என் மக பாட்ரீசியாவுக்கு மலாக்காவுல போட்டப்ப அப்படித்தான் இருந்துச்சு. இது வரும்னு இப்பவே சொல்லிர்றேன். கக்குவான் வந்தா என்ன ஆகும்னு நீங்க ஜன்னல்ல பாத்துட்டுத்தான் வந்திருக்கீங்க.”

“ஒரு வாரம் பொறுத்துப் போடலாமாங்கய்யா?”

“லாரி ராணுவத்தோடதான் வரும். இந்த ரோட்டுல தனியா விட மாட்டாங்க. இந்த வியாழக்கிழமைய விட்டா இன்னும் அஞ்சு வாரம்.”

“மத்த புள்ளைங்களத் தூக்கிட்டு ஓடுனப்பல்லாம் நான் ஒரு நிமிசம் யோசிக்கலய்யா” என்றாள் கமலவேணி. “அது எனக்கு இன்னிக்குத்தான் ஒறைக்குது.”

போடுங்கள் என்று ஜார்ஜ் சொல்லவில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

வியாழக்கிழமை மதியம் முன்னால் ஒரு கவச வண்டி, பின்னால் சுகாதார லாரி. பெரட்டுக்களத்து மரநிழலில் மேசை போட்டார்கள். மண்ணெண்ணெய் அடுப்பில் ஊசிகள் கொதித்தன. தாய்மார் கூட்டமாக நின்றார்கள். வரிசை மட்டும் அமையவில்லை. முதல் ஆளாக நிற்க யாருக்கும் மனமில்லை.

கமலவேணி சுசீலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பின்னால் பத்தடி தள்ளி, புகை வாடையோடு சாமிநாதன். அவன் சரி என்றும் சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. மேசைவரை போனவள் சட்டென்று திரும்பினாள். போகிறாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவள் தாய்மாரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

“எனக்கு மூத்தது ஒண்ணு இருந்துச்சு. அம்மை குத்துன நாலாம் நாள் செத்துப் போச்சு. எதனாலன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ஒங்க புள்ளைங்களத் தூக்கிட்டுப் போனப்ப நான் இதச் சொல்லல. சொல்லியிருக்கணும்.”

கூட்டத்தில் ஒருத்தி தன் பிள்ளையை அணைத்துக்கொண்டு லயத்துப் பக்கம் நடந்துவிட்டாள். ஜார்ஜ் கண்ணாடியைக் கழற்றினார். மாட்டவில்லை.

“அப்புறம் ஏன்க்கா போடறீங்க?” கேட்டது மரியசெல்விதான்.

“வேலாயி புள்ள இருமுறதப் பாத்துட்டேன். மூச்சு வர ஏழு எண்ணுற நேரம் ஆச்சு. அன்னிக்கு முத்தாயிக்கு ஒடம்பு சுட்டத நான் பாக்காம விட்டேன். இன்னிக்குப் பாத்துட்டேன், சூடு இல்ல. ரெண்டு நாள் காய்ச்சல் வரும்னு டிரெஸ்ஸரய்யா சொல்லியிருக்காரு. வரட்டும். நான் போடறேன். நீங்க போடணும்னு சொல்ல மாட்டேன். ஒங்க புள்ள, நீங்க யோசிங்க.”

அவளே நாற்காலியில் உட்கார்ந்தாள். சுசீலாவின் தொடையில் ஊசி ஏறியது. பிள்ளை ஒரு கணம் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, பிறகு களமே அதிரும்படி அழுதது. கமலவேணியும் அழுதாள். அவள் அழுது அன்றுதான் தோட்டம் பார்த்தது. சாமிநாதன் வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு மேசைப் பக்கத்திலேயே நின்றாள். முதலில் மரியசெல்வி வந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை தானாக அமைந்தது.

ஒவ்வொரு பிள்ளையின் நெற்றியிலும் கன்னம் வைத்துப் பார்த்துத்தான் விட்டாள். இரண்டு பிள்ளைகளை நிறுத்தினாள். “இது சுடுது, இன்னிக்கு வேணாம்.” லாரியோடு வந்த நர்ஸ் வெப்பமானி வைத்துப் பார்த்தார். இரண்டும் காய்ச்சல்தான். அன்று பதினெட்டுப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டார்கள்.

சொன்னபடியே காய்ச்சல் வந்தது. வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் லயம் முழுக்கச் சிணுங்கல். சாமிநாதன் பிள்ளையைத் தோளில் போட்டு வீட்டுக்கும் குழாயடிக்கும் நடந்தே தேய்ந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை சுசீலாவின் உடம்பு குளிர்ந்திருந்தது. திங்கட்கிழமையும் அப்படியே. கமலவேணி வேலைக்கு வந்தாள். ஆனால் கடைசித் தொட்டிலை முதல் தொட்டிலாக மாற்றி, தன் முழங்காலுக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை பிள்ளை அவள் மூக்கைப் பிடித்து இழுத்தது. அவள் சிரித்தாள். பொத்திக்கொள்ளக் கை சும்மா இல்லை.

வேலாயியின் பிள்ளை ஏழு வாரம் இருமி, எலும்பும் தோலுமாகக் கொட்டகைக்குத் திரும்பியது. இப்போது கஞ்சிக்குச் சண்டை போடுகிறது. இரண்டாவது தடவை லாரி வந்தபோது, முதல் தடவை லயத்துப் பக்கம் நடந்து போன பெண்ணும் பிள்ளையோடு வந்து நின்றாள். கமலவேணி நிழலில் அவளுக்கு இடம் விட்டுத் தள்ளி நின்றாள்.

மூன்றாவது ஊசியும் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, அடையாளக் கார்டைக் கேட்டில் காட்டிவிட்டு, கமலவேணி பிள்ளையோடு பஸ் ஏறி அலோர் காஜாவுக்குப் போனாள். துணிக்கடையில் தொங்கிய கவுன்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, மஞ்சளில் ஒன்றை எடுத்தாள்.

“அது பெருசும்மா” என்றார் கடைக்காரர். “மூணு வயசுப் புள்ளைக்கு உள்ளது. ஒங்களுதுக்கு இந்தா, இது சரியா இருக்கும்.”

“இதான் வேணும்.”

அவள் பிள்ளையைக் கடை மேசைமேல் மல்லாக்கப் படுக்கவைத்து, கவுனை அதன் மேல் விரித்தாள். பிள்ளை காலை உதைத்தது. கால் எட்டாத இடத்தில், மேசை விளிம்பைத் தாண்டிக் கீழே தொங்கிய கவுனின் ஓரத்தை, கமலவேணி உள்ளங்கையால் மெதுவாக நீவிவிட்டாள்.