ரெண்டு பேர் ஓட்டிய ஜீப்

அத்தா, அதாவது எங்கள் அப்பா, வைத்திருந்த ஜீப்பை ஒரே ஆள் ஓட்ட முடியாது. ஓட்டலாம், ஆனால் எதையும் முந்த முடியாது. அது பழைய பட்டாளத்து ஜீப். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ஏலத்தில் விட்டதை யாரோ எடுத்து, அவரிடமிருந்து இன்னொருவர் எடுத்து, கடைசியில் எண்பதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது. ஸ்டீரிங் இடப்பக்கம். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு முன்னால் போகிற லாரியின் பின்பலகைதான் தெரியும், எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. அதனால் வலப்பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்து, தலையை நீட்டிப் பார்த்து, “வாங்க வாங்க” என்றோ “நில்லுங்க” என்றோ சொல்ல வேண்டும். பின்னால் வருகிறவனுக்குக் கையை நீட்டிச் சைகை காட்டுவதும் அந்த ஆளின் பொறுப்புதான். தனியாகப் போனால் அத்தா ஒரு மாட்டுவண்டிக்குப் பின்னால்கூட மைல் கணக்கில் ஊர்ந்துகொண்டு வருவார்.

அத்தாவுக்கு ஆட்டுத்தோல் வியாபாரம். ஒட்டன்சத்திரம் போகிற வழியில் உள்ள கிராமங்களில் தோல் வாங்கி, உப்புப் போட்டு, திண்டுக்கல் மண்டிக்குக் கொண்டுவருவார். காலையில் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவது அந்த ஜீப், மத்தியானம் தோல் ஏற்றுவது அந்த ஜீப், சாயங்காலம் ரேஷன் அரிசி தூக்குவதும் அதுதான். பெருநாள் என்றால் வீட்டில் இருக்கிற அத்தனை பேரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு சொந்தக்காரர் வீடுகளுக்குப் போகும். எத்தனை வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் தோல் வாடை போகாது. வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டே வாய்ப்பாடு சொல்வாள். சொல்லிவிட்டுப் போகட்டும்! அவள் வீட்டில் சைக்கிள்கூடக் கிடையாது.

வலப்பக்க இருக்கை என்னுடையது. அப்போது எனக்குப் பத்து வயது. அம்மா அதில் உட்காரவே மாட்டாள். ஒரே ஒரு தடவை உட்கார்ந்தபோது, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பொடியன், “ஏலே, இங்க பாருடா! பொம்பள வண்டி ஓட்டுது, கையில ஸ்டீரிங்கே இல்ல!” என்று கத்த, கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. அதோடு சரி. அதற்குப் பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் தோல் மூட்டைகளோடுதான் உட்காருவாள்.

கல்யாணத்துக்கு முன்னாலேயே ஆசிரியர் பயிற்சி முடித்தவள் அம்மா. சான்றிதழ் பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு அடியில் கிடந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, புதுப்பித்துப் புதுப்பித்து, பதினோரு வருஷம் கழித்து ஒரு கார்டு வந்தது. ஒட்டன்சத்திரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நேர்முகத் தேர்வு, காலை பத்து மணிக்கு. அடுத்த வருஷம் என்றால் வயது தாண்டிவிடும். இதை விட்டால் சான்றிதழ் சேலைக்கு அடியிலேயே கிடக்க வேண்டியதுதான்.

அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, அம்பாசிடர் வைத்திருந்தார். எங்கள் ஜீப் என்றால் அவருக்கு இளக்காரம். “ஏத்தா, அந்தத் தோல் டப்பாவுல போயி எறங்குனா வாசலோட திருப்பி அனுப்பிருவான். நான் காரக் கொண்டாரேன்” என்றார். மறுத்துப் பேசுகிற நிலைமையில் அத்தாவும் இல்லை. ஒரு வாரத்துக்கு முன்னால்தான் வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்தார்.

உடைத்துக்கொண்ட விதம்தான் கொடுமை. பேட்டரி சண்டித்தனம் செய்கிற நாட்களில் ஜீப்பின் முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றித்தான் இஞ்சினைக் கிளப்ப வேண்டும். சுற்றும்போது கட்டைவிரலை மடக்கிப் பிடிக்கக் கூடாது, மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும்போது கை போச்சு. இதை அத்தா தெருவில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் பாடமாகவே எடுப்பார். அன்றைக்கும் யாரோ ஒருத்தருக்குப் பாடம் எடுத்துக்கொண்டேதான் சுற்றினார். பேச்சு சுவாரசியத்தில் விரலை மடக்கிவிட்டார். மாவுக்கட்டு!

நேர்முகத் தேர்வுக்கு முந்தின நாள் முழுக்க ஐப்பசி மழை. காலையில் எட்டு மணிக்கு மாமா காரில் வரவில்லை, குடை பிடித்து நடந்து வந்தார். “தரைப்பாலத்துல தண்ணி போகுதாம்த்தா. பஸ்ஸெல்லாம் நிப்பாட்டிட்டானாம். கார எறக்குனா சைலன்சர்ல தண்ணி ஏறிரும். அம்புட்டுத்தான் நம்ம நசீபு, விடு” என்றார்.

கஞ்சி போட்டுத் தேய்த்த சின்னாளப்பட்டிச் சேலையில் அம்மா தயாராக நின்றுகொண்டிருந்தாள். கைக்கடிகாரத்தைக் கழற்ற ஆரம்பித்தாள். எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

“கழட்டாத. வண்டில ஏறு” என்றார் அத்தா.

“யாரு ஓட்டுவா?”

“நான் ஸ்டீரிங்கப் புடிச்சுக்கிறேன், கிளட்ச் மிதிக்கிறேன். கியரு நடுவுலதான இருக்கு? நீ வலப்பக்கம் உக்காந்து போடு.”

மாமா சிரித்துவிட்டார். “மச்சான், ஒங்களுக்கு அடிபட்டது கையிலயா, தலையிலயா?”

எனக்கோ ஆத்திரம். அது என் இடம்! “நான் போடுறேன் கியரு” என்று முன்னால் போய் நின்றேன். “ஒனக்கு பலம் பத்தாதுத்தா” என்று அத்தா என்னைப் பின்னால் ஏற்றி, அம்மாவின் சான்றிதழ்ப் பையை மடியில் வைத்தார். ஏதோ பெரிய பொறுப்பு என்று நானும் ஏமாந்தேன்.

தெருவிலேயே பாடம் நடந்தது. “நான் கிளட்ச மிதிச்சிட்டு ‘ம்’னு சொல்லுவேன். அப்பப் போடு. அதுக்கு முன்னாடியும் போடாத, பின்னாடியும் போடாத.” அக்கம்பக்கத்து ஆட்கள் தள்ள, அத்தா “ம்” என்க, அம்மா “பிஸ்மில்லா” என்று கண்ணை மூடிக்கொண்டு கம்பியை இழுக்க, வண்டி கர்ரென்று அலறியது. தெருவே சிரித்தது. இரண்டாம் தடவை அலறாமல் விழுந்தது. மாமா குடையோடு அங்கேயே நிற்க, நாங்கள் போய்க்கொண்டே இருந்தோம்.

ஒட்டன்சத்திரம் சாலையில் ஏறியதும் முன்னால் ஒரு லாரி. அம்மா தலையை நீட்டிப் பார்த்து, “போகலாமோ என்னமோ” என்று முனகுவதற்குள் எதிரே இன்னொரு லாரி வந்துவிடும். இரண்டு தடவை இப்படியே ஆனது. மூன்றாம் தடவை, “வாங்க! வாங்கங்கிறேன்ல!” என்று ஒரு கத்து. அம்மாவுக்கு இவ்வளவு பெரிய குரல் உண்டு என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். வலது கையை வெளியே நீட்டிச் சைகை, இடது கையால் கியர், அத்தா மாவுக்கட்டாலேயே ஹாரனை இடி இடியென்று இடிக்க, லாரியைத் தாண்டிவிட்டோம். “வாத்தியாரம்மா மொரட்டு டிரைவரால்ல இருக்கு!” என்று அத்தா சிரித்தார். ரெட்டியார்சத்திரம் தாண்டுவதற்குள் இன்னும் நாலு வண்டிகளை முந்தியிருந்தோம்.

தரைப்பாலத்தில் இரண்டு பஸ்களும் குடைகளோடு ஒரு கூட்டமும் நின்றன. செந்நிறத் தண்ணீர் பாலத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. ஓரக் கற்களின் தலை மட்டும் தெரிந்தது. அத்தா இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, பாதிப் பாலம் வரை நடந்து பார்த்துவிட்டு வந்தார். முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது. “ஏனுங்க, ஒத்தக் கையில எறக்கப் போறீங்களா? வேண்டாங்க, சொன்னாக் கேளுங்க” என்றார் கூட்டத்தில் ஒரு பெரியவர்.

அத்தா அம்மாவைப் பார்த்தார். “நீ சொல்லு. வலப்பக்கம் உக்காந்த ஆளுதான சொல்லணும்.”

அம்மா தண்ணீரைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்பதரை. “வாங்க” என்றாள்.

கியருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு குட்டைக் கம்பிகள் உண்டு. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்க ஒன்று, மெதுவாக முழுப் பலத்தோடு போக இன்னொன்று. அத்தா சொல்லச் சொல்ல அம்மா மூன்றையும் போட்டாள். ஆனால் ஒரு வில்லங்கம் இருந்தது. கிழட்டு வண்டி, பளு ஏறினால் முதல் கியர் தானாக நழுவி வெளியே வந்துவிடும். வழக்கமாக அத்தா வலது கையால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டே ஓட்டுவார். அந்தக் கைதான் இப்போது கழுத்தில் தொங்குகிறது. “நடுத்தண்ணியில நழுவுச்சுன்னா நின்னுருவோம். என்ன ஆனாலும் விட்டுறாத” என்றார்.

இறங்கினோம். தரைத்தகட்டு ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. நான் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். நடுப்பாலத்தில் வண்டி ஒரு உதறு உதறியது. கியர்க் கம்பி துள்ளியது. அம்மா இரண்டு கையாலும் அதைப் பிடித்து, உடம்பு மொத்தத்தையும் அதன் மேல் சாய்த்தாள். முக்காடு நழுவித் தோளில் விழுந்தது, முடி காற்றில் பறந்தது. வீட்டுக்கு வெளியே முக்காடு விலகி அவள் அதைச் சரிசெய்யாமல் இருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அத்தா ஒற்றைக் கையில் ஸ்டீரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அடுத்த கரையில் முன்சக்கரம் ஏறியதும் இரண்டு பக்கமும் விசில் பறந்தது பாருங்கள், இன்றைக்கும் காதில் இருக்கிறது. கரையேறி நூறடி போன பிறகும் அம்மா பிடியை விடவில்லை. “விடு புள்ள, கியரு மாத்தணும்” என்று அத்தா கெஞ்ச வேண்டியதாயிற்று.

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பள்ளிக்கூட வாசலில் போய் நின்றோம். தலைமையாசிரியர் வெளியே வந்து ஆச்சரியப்பட்டார். “ஏனுங்க, பாலத்துல தண்ணி போகுதுன்னாங்களே, எப்படி வந்தீங்க?”

அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, “ஓட்டிக்கிட்டு வந்தோம் சார்” என்றாள். அவர் மூக்குக்குத் தோல் வாடை எட்டாமல் இருந்திருக்காது. ஆனால் மனிதர் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. அம்மாவை நாலாம் வகுப்புக்குக் கூட்டிப்போய்க் கணக்குப் பாடம் நடத்தச் சொன்னார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். லாரியை முந்திய அதே குரலில் நடத்திக்கொண்டிருந்தாள்.

பத்தே நாளில் வேலைக்கான உத்தரவு வந்தது. மாமா அல்வாப் பொட்டலத்தோடு வந்து, “நான் அன்னைக்கே சொன்னேன்ல” என்றார். என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

அத்தா தோல் வாங்கப் போகிற வழியிலேயே பள்ளிக்கூடம் இருந்ததால், தினமும் ஜீப்பிலேயே இரண்டு பேரும் கிளம்பினார்கள். வலப்பக்கம் அம்மா, பின்னால் நான். கட்டுப் பிரிக்கிற வரைக்கும்தானே என்று பொறுத்துக்கொண்டேன். கட்டும் பிரித்தார்கள். அத்தா இரண்டு கையாலும் தோல் மூட்டையைத் தூக்கிப் போட்டார், கிணற்றில் வாளி இழுத்தார், என் குட்டித் தம்பியைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றினார். ஆனால் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தால் அந்த வலது கை சும்மா தொடைமேல் கிடக்கும். அம்மாதான் கியர் போடுவாள். இப்போது “ம்”கூடத் தேவைப்படவில்லை.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன். “அத்தா, ஒங்க கைதான் சரியாயிருச்சுல்ல? என் எடத்தக் குடுங்க!”

அத்தா அம்மாவைப் பார்த்தார். அம்மா சாலையைப் பார்த்தாள். “எங்கத்தா சரியாச்சு... மத்ததுக்கெல்லாம் ஒண்ணுமில்ல. கியரப் புடிச்சா மட்டும் சுருக்குங்குது” என்றார் அத்தா.

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து தினமும் தொழுகை முடிந்ததும் இரண்டு கையையும் ஏந்தி, “யா அல்லா, எங்க அத்தா கையக் குணமாக்கு” என்று கேட்டேன். ஒரு வருஷம் கேட்டிருப்பேன். பரீட்சைக்கும் தம்பியின் காய்ச்சலுக்கும் கேட்டவுடனே கொடுத்தவன், இதை மட்டும் ஏன் கொடுக்கவே இல்லை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.