ஸ்டிக்கர் ஒட்டவேண்டிய கண்

பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவன் நான். துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். நல்ல துணியில் ஒட்டினால் சூப்பர்வைசர் என் வம்சத்தையே விசாரிப்பார்.

அந்தப் பழக்கத்தோடுதான் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு கண் டாக்டரிடம் போனேன். ஒன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு இடது கண் சரியாகத் தெரியவில்லை. டாக்டரம்மா கண்ணாடி எழுதிக் கொடுத்து, ஒட்டுகிற பட்டை ஒன்றையும் நீட்டி, "ஒரு கண்ணை மூடி வைக்கணுங்க" என்றார். அவர் முடிப்பதற்குள் ஒட்டிவிட்டேன். இடது கண்ணில்.

"எப்படி இருக்குது சாமி?" என்று மகளைக் கேட்டேன்.

"எப்பவும் போலத்தானுங்ப்பா தெரியுது."

ஒரு கண்ணை மூடியும் பிள்ளைக்கு ஒரு மாற்றமும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டரம்மாவுக்கு வரவில்லை.

என் மனைவி பட்டையை உரித்தாள். "ஏனுங்க, இது என்ன பனியனுங்களா, டேமேஜ் பார்த்து ஒட்டறதுக்கு?"

மூடவேண்டியது நல்ல கண்ணையாம், டாக்டரம்மா விளக்கினார். இடது கண்ணின் பவர் குறையைக் கண்ணாடி சரிசெய்துவிடும், சிக்கல் மூளையில். இரண்டு கண்ணும் அனுப்புவது ஒத்துப்போகாவிட்டால், மங்கலாக வருவதை மூளை அமுக்கிவிடுமாம். தெளிவாக அனுப்பும் கண்ணுக்கே உள்ளே இடத்தையெல்லாம் கொடுத்துவிடுமாம்.

"அமுக்கறதே கெட்டதில்லீங்க" என்றார் டாக்டரம்மா. " மூளைக்குள்ள அந்த அடக்கற வேலை கொஞ்சம் தேறினாத்தான் கண்ணு பார்க்கக் கத்துக்கற காலமே தொடங்கும். முத்திப்போனா அதுவே அந்தக் காலத்தோட கதவையும் சாத்திடும். பாப்பாவுக்கு இன்னும் திறந்திருக்குது. விட்டுட்டா, பெரியவளானப்புறம் கண்ணாடி போட்டும் பார்வை வர்றது கஷ்டங்க."

திரும்பும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். எங்கள் கம்பெனித் தையல் லைனிலும் இதுதான். கை வேகமான டெய்லரிடமே வெட்டிய துணிப் பண்டிலைப் போடுவோம். பக்கத்து மெஷின்காரருக்குக் கை வராமலே போய்விடும். பிறகு அவருக்கு வேலை தெரியாது என்போம். வேகக்காரர் லீவு போட்டால்தான் மற்றவர் கை பழகும்.

யோசிப்பது சுலபம். நல்ல கண்ணை மூடியதும் வீடு ரகளையானது. "எல்லாம் புகையா இருக்குதுங்ப்பா" என்று அழுவாள், பட்டையைப் பிய்த்து எறிவாள். தெரிகிற கண்ணை மூடும் அப்பனை எந்தப் பிள்ளை நம்பும்? எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை. ஆனாலும் தினமும் ஒட்டினோம்.

சில மாதம் கழித்து ஒருநாள் குன்னத்தூர் போக அவிநாசி பஸ் ஸ்டாப்பில் மூவரும் நின்றிருந்தோம். மகளின் வலது கண்ணில் பட்டை. தூரத்தில் ஒரு பஸ் வந்தது. கண்ணாடிக்குள் இடது கண்ணைச் சுருக்கி, "குன்...னத்...தூர்" என்றாள்.

"இல்ல கண்ணு, அது கோயமுத்தூரு. பனியன்ல ஊசி ஓட்டையக் கண்டுபிடிக்கற கண்ணாக்கும் அப்பனுது."

கை காட்டாததால் பஸ் நிற்கவில்லை. கடந்து போகும்போதுதான் போர்டு எனக்குத் தெரிந்தது. குன்னத்தூர்.

மனைவி என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். நான் எதிர்க்கடையைப் பார்த்தேன். மகள் பட்டையின் ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டிக்கொண்டு, அடுத்த பஸ் வரும் பக்கம் திரும்பி நின்றாள்.